கணக்கைக் காதுக்குக் கொண்டுவந்த ஈவ்லின்

தலைமை ஏற்று மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் கல்லூரி முதல்வர் டாக்டர் நிர்மலா அவர்களே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும், மறைந்த பேராசிரியரின் கணவர் மரியராஜ் அவர்களே, கொள்ளேகாலிலிருந்தும் சாமராஜநகரிலிருந்தும் விடிந்ததும் பஸ் பிடித்து மைசூருக்கு வந்திருக்கும் நண்பர்களே, வெள்ளைக் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பேசுவது யார் என்று என் இருமலிலேயே கண்டுபிடித்துவிட்ட தோழர்களே, மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் மனம் கனத்து நிற்கும் ஒருவனின் வணக்கம்.

நான் கிருஷ்ணராஜ். கணினி அறிவியல் துறை. எனக்கு முன்னால் பேசியவர்கள் கன்னடத்தில் பேசினார்கள். அழகாகப் பேசினார்கள். நான் தமிழில் பேச அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். காரணம் இதுதான்: நானும் பேராசிரியர் ஈவ்லின் மரியராஜும் சண்டை போட்டதெல்லாம் தமிழில். ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று தமிழில் ஆரம்பித்தோம். கொஞ்ச காலத்தில் அந்த அறை முழுவதற்கும் தமிழ் வந்துவிட்டது!

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தாய் என்றார்கள். விளக்கு என்றார்கள். ஒருவர் தெய்வம் என்றே சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அவர் தாயும் இல்லை, தெய்வமும் இல்லை. எனக்கு அவர் மீது பொறாமை. இது இங்கே யாருக்கும் புதிய செய்தி அல்ல. அவருக்கே தெரியும். காலையில் வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே, “வாங்க கிருஷ்ணராஜ் சார், இன்னிக்கு என் மேல வயித்தெரிச்சல் எத்தன டிகிரி?” என்று கேட்பார். நானும் சளைக்காமல் ஒரு எண்ணைச் சொல்லுவேன். அப்படித்தான் எங்கள் நாள் தொடங்கும்.

ஏன் பொறாமை என்று கேட்கிறீர்களா? எதற்குத்தான் இல்லை!

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் இந்தக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர் கணிதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு எப்படிப்பட்டது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் வகுப்பில் சுறுசுறுப்பாக இருப்பது மின்விசிறி ஒன்றுதான். பக்கத்து அறையில் ஈவ்லினின் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். கணித வகுப்பில் சிரிப்பு! கைதட்டல் கூட வரும். வேறு துறை மாணவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். அந்த வாசலில் என் மாணவர்களே நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனுக்கு வயிறு எரிய இது போதாதா?

அப்புறம் அவருடைய கண் போயிற்று. விழித்திரையில் ஒரு நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் மேசை முனையில் இடித்துக்கொண்டார். பிறகு மாடிப்படியில் தடுமாறினார். கடைசியில் ஒருநாள் கரும்பலகையில் தான் எழுதிய வரியின் மேலேயே அடுத்த வரியை எழுதினார். மாணவர்கள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனத்தில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அப்போதைய நிர்வாகத்தில் சிலர், நல்ல எண்ணத்தோடுதான், அவரை நூலகத்துக்கு மாற்றலாம் என்று சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஈவ்லின் எழுந்து நின்று என்ன சொன்னார் தெரியுமா? “லைப்ரரில நான் என்ன சார் பண்ணுவேன்? புஸ்தகத்த மோந்து பாக்கவா? கணக்கு என் வாயில இருக்கு. போர்டுல எழுத ஒரு ஸ்டூடண்ட் இருந்தா போதும், சும்னே என்ன இடம் மாத்தாதீங்க” என்றார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

அவர் சொன்னது போலவே நடந்தது. அவர் சொல்லச் சொல்ல ஒரு மாணவர் எழுதினார். வகுப்பு முன்பைவிட நிறைந்தது. பார்வை போன ஒருவரைப் பார்த்து, பார்வை உள்ளவன் ஒருவன் பக்கத்து அறையில் உட்கார்ந்து பொறாமைப்பட்டான் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். அவன்தான் இப்போது ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறான்.

ஆனால் பாடம் சொல்லிக்கொடுப்பது வேறு, படிப்பது வேறு. ஒரு கணித ஆசிரியர் புதிதாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் அவரிடம் இருந்தது. கதையை வாசிக்கும், செய்தியை வாசிக்கும், கணக்கு வந்தால் மட்டும் அதற்கு வாயடைத்துப் போகும். ஒருநாள் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டி, “கேளுங்க சார்” என்றார். பக்கம் முழுவதும் சமன்பாடுகள். அந்தக் குரல் சொன்னது: “படம். படம். படம். படம்.” அவ்வளவுதான். ஒரு கணித நூல் முழுவதும் அவருக்குப் ‘படம்’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டிருந்தது.

“நான் சரிசெய்து தருகிறேன்” என்றேன். ஏன் சொன்னேன்? இரக்கமா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இவருக்கு வராத ஒன்று எனக்கு வரும், அதை இவர் வந்து என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையே அதிகம். இரவு பகல் பாராமல் ஒரு மென்பொருள் எழுதினேன். அது எந்தச் சமன்பாட்டையும் வாசித்தது. ஒரு குறியைக்கூட விடவில்லை. ‘ஏ பிளஸ் பி பை சி’ என்று சொன்னால், ஏயும் பியும் சேர்ந்து சியின் மேல் நிற்கிறதா, பி மட்டும் நிற்கிறதா என்று காதுக்குத் தெரியாது அல்லவா? என் மென்பொருளில் அந்தக் குழப்பமே கிடையாது. ‘பின்னம் தொடக்கம், மேல்பகுதி தொடக்கம், ஏ பிளஸ் பி, மேல்பகுதி முடிவு, கீழ்ப்பகுதி தொடக்கம், சி, கீழ்ப்பகுதி முடிவு, பின்னம் முடிவு’ என்று தெளிவாகச் சொல்லும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க ஈவ்லின் ஒருவரை அழைத்து வந்தார். அவர்தான் மாதேவி. இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். சாமராஜநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநர். பள்ளியில் ஏழாம் வகுப்போடு அவருக்குக் கணக்கிலிருந்து ‘விலக்கு’ கொடுத்துவிட்டார்கள். உனக்கு எதற்கம்மா கணக்கு, உனக்கு மட்டும் அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று அன்பாகச் சொன்னார்களாம். அந்த அன்பை மாதேவி மன்னிக்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கி, முப்பது வயதுக்கு மேல், கணிதத்தில் பட்டம் படித்தே தீருவேன் என்று அஞ்சல் வழியில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் மைசூருக்கு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

மாதேவி என் மென்பொருளைக் கேட்டார். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, “எல்லாஞ் செரியாத்தானுங் சொல்லுது சார்” என்றார். நான் ஈவ்லினைப் பெருமையோடு பார்த்தேன். அவருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம். மாதேவி தொடர்ந்தார்: “ஆனா முடிவுக்கு வாரதுக்குள்ளார, ஆரம்பத்துல என்ன சொல்லுச்சுன்னு மறந்து போவுதுங். ரயில்ல போற ஊர்ப் பேரு மாதிரி. ஒவ்வொண்ணும் கேக்குது, ஆனா எங்க இருக்கறமின்னு தெரியமாட்டேங்குது.”

ஈவ்லின் மேசையில் தட்டிச் சிரித்தார். “கேட்டீங்களா சார்? அதேதான் எனக்கும். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு ஒரு வாரமா சொல்லல!”

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இருவரையும் திட்டிக்கொண்டே போனேன்.

அடுத்த மாதமே ஈவ்லின் ஒரு யோசனையோடு வந்தார். அவர் தேவாலயப் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடியவர். குரல் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு மூச்சு விடுவது போல. ‘அல்லவா’ என்பதைக் கன்னட வழக்கில் ‘அல்வா’ என்றே சொல்லுவார். “சார், தொடக்கம் முடிவுன்னு ஏன் வார்த்தையில சொல்லணும்? குரல்ல சொல்லலாம் அல்வா? அடுக்கு வந்தா குரல் மேல ஏறட்டும். பின்னத்துக்குக் கீழ போனா குரலும் கீழ இறங்கட்டும். வர்க்கமூலத்துக்குள்ள நுழைஞ்சா, கதவ மூடிட்டுப் பேசற மாதிரி ஒரு குரல். வெளிய வந்தா பழைய குரல்” என்றார். அதோடு விடவில்லை. முதலில் மென்பொருள் முழுச் சமன்பாட்டின் உருவத்தை மட்டும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். ‘ஒரு பின்னம், மேலே இரண்டு உறுப்புகள், கீழே ஒன்று’, அவ்வளவுதான். பிறகு கேட்பவர் அம்புக்குறி விசைகளை அழுத்தி, தான் விரும்பும் இடத்துக்குத் தானே போக வேண்டும், நிற்க வேண்டும், திரும்பி வர வேண்டும்.

நான் எதிர்த்தேன். ஆறு மாதம் எதிர்த்தேன். துல்லியம் போய்விடும் என்றேன். கணக்குக்குப் பாட்டு எதற்கு என்றேன். அவர் வாதம் செய்யவில்லை. என்னிடமே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்! நான் எழுதிய நிரலை, அந்த ‘படம் படம்’ மென்பொருளை வைத்தே வரி வரியாகக் கேட்டுக் கேட்டு, குரல் பகுதியைத் தானே எழுதினார். சமன்பாட்டைப் பிரித்துக்கொடுக்கும் பகுதி மட்டும் என்னுடையது. அதை மாதேவி கேட்ட ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் விரல்கள் அம்புக்குறிகளில் மெதுவாகப் போய்வந்தன. முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு சொன்னார்: “மேடம், இந்தக் கணக்குக்குள்ளார நா நடக்கறனுங்.”

அவையோரே, அந்த வாக்கியத்துக்காக நான் என்னென்ன கொடுத்திருப்பேன்! அது ஈவ்லினைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். தேர்வுக்கு மாதேவி கணினியோடு வரக் கூடாது என்றார்கள். ஒருவர் வினாவை வாசிப்பார், இவர் சொல்லச் சொல்ல அவரே எழுதுவார், அதுதான் முறை என்றார்கள். ஆனால் அப்படி எழுதுபவர் கணிதம் படித்தவராக இருக்கக் கூடாது என்பதும் அவர்கள் விதிதான். கணிதம் தெரியாத ஒருவர் சமன்பாட்டை எப்படி வாசிப்பார்? எப்படி எழுதுவார்? மாதேவி அந்த முறையில் ஒரு தேர்வு எழுதித் தோற்றிருந்தார். மறுபடியும் தோற்றால் படிப்பை விட்டுவிடுவதாக இருந்தார். வீட்டிலும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

ஈவ்லின் ஒரு குழு முன்னால் போய் நின்றார். மென்பொருளைச் செய்துகாட்ட அனுமதி வாங்கினார். நாங்கள் மூவரும் போனோம். குழுத் தலைவர் தானே ஒரு கணக்கைத் தட்டச்சு செய்து கொடுத்தார். நீளமான கணக்கு. அதன் நடுவில் பதினாறின் வர்க்கமூலம், அதனுடன் ஒன்பதைக் கூட்ட வேண்டும். நான்கும் ஒன்பதும் பதின்மூன்று. மாதேவி கேட்டார், நடந்தார், கணக்கிட்டார். அந்த இடத்தில் ஐந்து என்று போட்டு முழுக் கணக்கையும் முடித்தார். தவறு.

குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. வர்க்கமூலம் முடிந்த பிறகும் குரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒன்பதும் மூடிய கதவுக்கு உள்ளேயே இருப்பது போல் கேட்டது. பதினாறும் ஒன்பதும் சேர்ந்து இருபத்தைந்து, அதன் வர்க்கமூலம் ஐந்து. கேட்டதை மாதேவி சரியாகவே செய்திருந்தார். பிழை குரல் பகுதியில். ஈவ்லின் எழுதிய பகுதியில்!

என் பகுதி ஒழுங்காக வேலை செய்தது. யாராவது கேட்க மாட்டார்களா, இது யார் எழுதியது என்று? மனதுக்குள் அந்தக் கேள்விக்காகத் துடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஈவ்லின் எழுந்துவிட்டார். “சார், இந்த அம்மா செஞ்சது சரி. நான் எழுதுன புரோகிராம்தான் தப்பாப் படிச்சுது. ஒன்பது வெளிய இருக்குன்னு அது சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னுது. இப்பவே தெரிஞ்சது நல்லது, பரீட்சை ஹால்ல தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்றார். சாக்கு இல்லை, தடுமாற்றம் இல்லை.

குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மத்தே பன்னி மேடம்” என்றார். மறுபடி வாருங்கள் என்று. அவர் எழுந்து வந்து, கதவு வரை ஈவ்லினின் கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லுங்கள்! சரியாகச் செய்தவன் பின்னால் நடந்து வருகிறான், தவறு செய்தவருக்கு மரியாதை! தவறு செய்தும் ஜெயிக்கிற ஒருவரோடு எப்படிப் போட்டி போடுவது?

பிழையைத் திருத்தினார். மறுபடி போனோம். இந்த முறை அனுமதி கிடைத்தது. மாதேவி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தன் விரலாலேயே தேர்வு எழுதினார். தேறினார். முடிவு வந்த வாரம் மாதேவியின் அம்மா பசம்மா மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு லட்டுப் பிரசாதத்தோடு எங்கள் அறைக்கு வந்தார். “என்ற புள்ள பாஸாயிருச்சுங். கணக்குல!” என்று சொல்லி, ஈவ்லினின் கையைத் தேடிப் பிடித்து அதில் ஒரு முழு லட்டை வைத்தார். ஈவ்லின் ஜெபமாலை கிடக்கிற அதே கைப்பைக்குள் பாதியைப் பத்திரப்படுத்தி, மீதியை அங்கேயே தின்றார். பசம்மா பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும் எடுத்துக்கோங் சார்” என்றார். எனக்குக் கிடைத்தது அரை லட்டு. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மரியராஜ் சாரும் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைத்தான் ஈவ்லினும் கேட்க விரும்பியிருப்பார்.

பிறகு மென்பொருள் பரவியது. கன்னடக் குரல் வந்தது, தமிழ்க் குரல் வந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் பயன்படுத்தினார்கள்.

கடந்த தசரா சமயத்தில், ஊர் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது, அவருக்குக் கணையத்தில் புற்று என்று சொன்னார்கள். முற்றியிருந்தது. மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். மரியராஜ் சார் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். செவிலியர் வேலையில் அத்தனை நோயாளிகளைப் பார்த்தவர், அன்று ஒரே பழத்தை அரை மணி நேரமாக உரித்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். “மேடம், இனி இந்த வேலைக்கு யார் பொறுப்பு?” பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இத்தனை ஆண்டுகள்! பாதி நிரல் என்னுடையது!

“மாதேவி” என்றார்.

“ஏன் நான் இல்லை?” என்று கேட்டேவிட்டேன். படுக்கையில் இருக்கிற ஒருவரிடம்.

“ஒரு வாரம் அது வேலை செய்யலைன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். மாதேவிக்கு ஆகும். அவங்க தூங்க மாட்டாங்க, உங்களையும் தூங்க விட மாட்டாங்க” என்றார். பிறகு, “கோபமா?” என்றார்.

“பொறாமை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “எனக்கும்தான் சார் உங்க மேல” என்றார். “நீங்க பக்கத்தத் திறந்ததும் முழுக் கணக்கும் ஒரே பார்வைல தெரியும் அல்வா? எனக்கும் தெரிஞ்சிட்டிருந்தது. இப்ப நான் உள்ள நடந்து நடந்து பாக்கறேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஒரு பார்வை… அதுக்காக தினமும் உங்க மேல எனக்கு வயித்தெரிச்சல். ஒருநாள் கூட நீங்க கேக்கல.”

உண்மைதான். நான் கேட்கவே இல்லை. அவருக்கும் ஒரு வயிறு உண்டு, அதுவும் எரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மரியராஜ் சார் ஒரு சுளையை எடுத்து அவர் கையில் வைத்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க முடிகிறதே என்று முதன்முறையாக வெட்கமாக இருந்தது.

பிறகு இதை மாதேவியிடம் சொன்னேன். அவருக்கும் அந்த ஏக்கம் உண்டா என்று கேட்டேன். “நா பாத்ததே இல்லீங்களே சார்,” என்றார், “எனக்கெதுக்குங் அந்தப் பொறாம? மேடம்தான் பாவம்.”

பேராசிரியர் ஈவ்லின் மரியராஜ் இப்போது நம்மிடையே இல்லை. அவரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு இவ்வளவு பேர் வரமாட்டார்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அந்த மென்பொருளில் எங்கே எது கெட்டாலும், யாராக இருந்தாலும், முதல் போன் ஈவ்லினுக்குத்தான் போகும். என் பகுதியில் பிழை என்றாலும் அவருக்குத்தான். அவர் என்னிடம் சொல்லுவார். இந்த வாரம் திங்கட்கிழமை என் போன் அடித்தது. மாதேவி. “சார், அணி கணக்குல, அதானுங் மேட்ரிக்ஸ்ல, ரெண்டாவது வரிசைய மொத வரிசைன்னு படிக்குதுங். இத வெச்சுப் படிக்கற பசங்களுக்குப் பரீட்சை வருது. எப்பச் செரி பண்ணுவீங்?” என்றார்.

எத்தனை காலம் ஆசைப்பட்ட அழைப்பு! எனக்கே வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது. மேடம், இது உங்களுக்கு வந்தது, தவறி என்னிடம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கொடுக்க ஆள் இல்லை.

எனவே இந்த அவையின் முன்னால் சொல்கிறேன். இந்த வேலை நிற்காது. ‘படம்’ என்ற ஒரு சொல்லோடு எந்தப் புத்தகமும் யாருக்கும் மூடிக்கொள்ளாதபடி நாங்கள் பார்த்துக்கொள்வோம். இனி இதற்குத் தலைவர் மாதேவி. அவர் சொல்லுவார், நான் செய்வேன். முணுமுணுத்துக்கொண்டே செய்வேன், ஆனால் செய்வேன்.

மாதேவி அவர்களே, அந்த அணிக் கணக்கை இன்று காலை திருத்தி அனுப்பியிருக்கிறேன். ஊர் திரும்பும்போது பஸ்ஸிலேயே கேட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள். வேறு யாரிடமும் சொல்வதற்கு முன்னால், எனக்கே முதலில் சொல்லுங்கள்.

வணக்கம்.